தரகருக்கு முதல் வரி

சந்திரலேகா: ...அப்படி எழுதினா படிக்கவே மாட்டாங்க, மாமா. அத அழிங்க.

கார்த்திகேசன்: ஏன், ‘என் நாவல் முதல் தரம்’னா என்ன தப்பு?

சந்திரலேகா: எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க.

கார்த்திகேசன்: சரி, இந்த டெல்லி அம்மா யாரு? புத்தகம் போடுறவங்களா?

சந்திரலேகா: இல்ல. போடுறவங்ககிட்ட கொண்டுபோய்ப் பேசி முடிச்சுக் குடுக்குறவங்க. ஏஜென்ட்.

கார்த்திகேசன்: மண்டித் தரகுன்னு சொல்லு. பண்ருட்டியில நான் பாக்காத தரகா...

சந்திரலேகா: கடுதாசி முதல் வரியிலயே அவங்கள இழுக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்தோட புதுக் கடுதாசி வாங்குறத நிறுத்திடுறாங்க. எனக்கு அது தமிழ்ல வந்துட்டாப் போதும், பிரீதா மாத்திக் குடுத்துடுவா. நாவலையே இங்கிலீஷாக்குன பிரீதாவுக்கு ஒரு கடுதாசி ஜாஸ்தியா?

கார்த்திகேசன்: பலாவ முழுசாவா காட்டுவோம்? ஒரு சுளை எடுத்துக் கையில குடு. மீதிய வாசம் பேசிக்கும்.

சந்திரலேகா: எந்தச் சுளைன்னுதான் தெரியல. எல்லாமே சப்புன்னு இருக்கு... விடுங்க, நான் அனுப்பல.

கார்த்திகேசன்: ஏய்... மூணு வருஷமா அடுப்படியில உக்காந்து எழுதினது...

சந்திரலேகா: படிச்சவங்க யாராவது சொல்லணும். பிரீதா சிநேகிதி, நல்லாருக்குன்னுதான் சொல்லுவா. நீங்களோ தொடவே இல்ல.

கார்த்திகேசன்: சீசன்ல எனக்கு நேரம் ஏது? ஆனா சிவகாமு புருஷன், திரும்பி வர்றேன்னு போன் பண்ணிட்டுத் திருப்பாதிரிப்புலியூர்ல ரயில் ஏறுறான் பாரு, அந்த எடம்...

சந்திரலேகா: சிவகாமுன்னு பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கார்த்திகேசன்: ...நீ தூக்கத்துல சொன்ன.

சந்திரலேகா: ரயில் ஏறுனதையுமா? படிச்சுட்டு ஏன் மாமா சொல்லல?

கார்த்திகேசன்: பழக்கம்டி. தோப்புல ஒரு பழம் மனசுக்குப் புடிச்சிருச்சுன்னா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கணும். காட்டிக்கிட்டா வெல ஏறிடும். அந்தப் புத்தி ஊட்டுக்குள்ளயும் வந்துருச்சு.

சந்திரலேகா: என்கிட்ட என்ன வெல ஏறப்போவுது?

கார்த்திகேசன்: ...மூணு தடவ படிச்சேன், லேகா. அவன் சிதம்பரத்துல எறங்கவே மாட்டான்னு தெரியும். தெரிஞ்சும் மூணாவது தடவையும், சிவகாமு பக்கத்துல நின்னு பிளாட்பாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

சந்திரலேகா: இருங்க. அத மெதுவா இன்னொரு தடவ சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

கார்த்திகேசன்: இதையா? கேலி பண்ணாத...

சந்திரலேகா: சுளை கெடச்சிருச்சு, மாமா. இதுதான் முதல் வரி.

கார்த்திகேசன்: ஆமா... நான் படிச்சேன்னதும் நீ அசரவே இல்லியே?

சந்திரலேகா: அந்த ஸ்டேஷன் வர்ற பக்கத்துல உங்க கைப் பலாப்பால் பட்டு ரெண்டு தாளும் ஒட்டிக்கிச்சு. உங்க வாயால வரட்டும்னு இன்னும் பிரிக்காமயே வெச்சிருக்கேன்.