அதே இடத்துக் கல்

எனக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் சார். பதறாமல் சொல்கிறேன்.

இந்த ஊர்ப் பாறையெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் வெந்தது. அப்போது அதனூடே ஓடிய நீர் ஆழத்தில் ஊறியதா, மேலிருந்து இறங்கிய மழையா? ஆக்சிஜனில் கனமான அணு எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று அளந்தால் தெரிந்துவிடும். கல்லைப் பொடித்து, கருவியில் விட்டு, எண்ணை எடுத்துத் தருவது என் வேலை. மாறன் சார் எங்கள் ஆய்வகத் தலைவர்.

மலைமேல் சுத்தியல் வைக்க மாட்டோம், அது சாமி. அடி அண்ணாமலைக்கு அப்பால் கைவிட்ட குவாரி ஒன்றில்தான் கல் எடுப்போம். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் உதவாது, உள்கல் வேண்டும். அதற்காக, விரிசல் விட்ட மேல்விளிம்பில், எங்களுக்குக் கல் உடைத்துக் கொடுத்த என் தம்பி காசியை ஏற்றினார் மாறன். இரண்டு துண்டு உடைத்துக் கீழே போட்டான். மூன்றாவது அடியில் பாறையோடு அவனும் வந்துவிட்டான். பிணமாகத்தான் எடுத்தோம்.

"அவனா ஏறினான், நான் சொல்லவே இல்ல" என்றார் மாறன், விசாரணையில். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நம்பமுடியாத எண் வந்தால், அதே இடத்தில் மறுபடி கல் எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். காசி உடைத்த கல்லின் பொடியில் வேறொரு கல்லின் பொடியைக் கலந்தேன். மாறன் ஆயுசு முழுக்கத் தேடிய எண் வந்தது. பாறை வழுக்கட்டும் என்று, நல்ல மழை நாளாகப் பார்த்துச் சொன்னேன். பேருக்கு அலைகிற மனுஷன், இந்தக் கல்லை இன்னொருவர் கையில் விடமாட்டார், தானே ஏறுவார் என்று நினைத்தேன்.

அவர் அருணாதேவியை அனுப்பினார். ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த மேல்கல்லு கெட்டியா இருக்குமா? பயமா இருக்குதுக்கா."

தடுத்திருக்கலாம். தடுத்தால் எண் பொய்யென்று சொல்ல வேண்டிவரும். அதோடு, ஒருத்தன் விழுந்தால் விபத்து. இன்னொருத்தியும் விழுந்தால் மாறன் தப்ப முடியாது. அதையும் அந்த நிமிஷமே யோசித்தேன், மறைக்கவில்லை.

"கெட்டியாத்தான் இருக்கும். பாத்து ஏறும்மா" என்றேன். காசியின் சுத்தியலையும் கொடுத்தனுப்பினேன்.

அவளும் அதே விளிம்பிலிருந்து விழுந்து செத்தாள். இந்தமுறை மாறன் ஜெயிலுக்குப் போனார். சாவு வீட்டில் அவளுடைய அம்மா சந்திரம்மாள் என் கையை விடவே இல்லை. "உன்ன அக்கா அக்கானு சொல்லிட்டே இருப்பாம்மா" என்று அழுதார். நானும் அழுதேன், நிஜமாகத்தான்.

மிச்சப் பொடியை வெளியூரில் அளந்து கலப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி. கலந்தது நான். ஏறச் சொன்னதும் நான். ஆனால் அந்தப் பெண்ணைக் கொன்றது மாறன்தான் சார். அதை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.