ரோஸ் சீட்டு

வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. பெருமுக்கல்லிலிருந்து பிரம்மதேசம் போகிற ரோட்டில் ஒரு காக்கை கூட இல்லை... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? விளக்கைத் தூண்டிவிட்டுக் கிட்டே வாருங்கள். இது என் சேக்காளி மண்ணாங்கட்டியின் சின்னம்மா அம்சவள்ளிக்கு நடந்தது. வருஷம் அறுபத்தொன்று.

அந்த ரோட்டில் அவள் தனியாகத் தாய்வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். புருஷன் பெரியசாமி செத்துப் பதினேழு நாள்.

அம்சவள்ளி பொல்லாத பொறாமைக்காரி. புருஷன் பக்கத்து வீட்டுக்காரியிடம் நெருப்புப் பெட்டி வாங்கினால்கூட அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது. அப்படிப்பட்டவள் கண்ணெதிரே அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் திண்டிவனம் போய் விழுப்புரம் பஸ் ஏறினான். கேட்டால், மல்லாட்டை மண்டியில், அதுதான் வேர்க்கடலை மண்டியில், வேலை என்றான். படுக்கையில் முதுகைக் காட்டினான். வீட்டிலும் சட்டையைக் கழற்றவில்லை. எவளுடைய நகக்கீறலை மறைக்கிறான்?

ஒருநாள் அவன் துண்டு மடிப்பில் ஒரு ரோஸ் சீட்டு. விழுப்புரம் ஆஸ்பத்திரிச் சீட்டு. எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பெண்கள் பிரிவு. 170.' பேர் இல்லை.

“வச்சிக்கினு இருக்கிறது போதாம, அவளுக்கு வைத்தியம் வேறயா?”

அடுப்பில் போட்டாள். சுருண்டு எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பெரியசாமி பானை பானையாகத் தேடினான். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. சீட்டு இல்லாமல் பெண்கள் பிரிவு வாசலில் போய் நின்ற ஆம்பளையை விரட்டிவிட்டார்கள். அப்புறம் அவன் போகவே இல்லை. சித்திரை பிறந்த மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

குளிப்பாட்டச் சட்டையைக் கிழித்தபோதுதான்... இடது மார்பில் காம்பு இருந்த இடத்தில் குழி. சீழ் வாடை. அதே ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்த பக்கத்துத் தெரு தேவசகாயம் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஆம்பளைக்கும் மாருல புத்து வருது அண்ணி. மொதல்ல மல்லாட்டைப் பருப்பாட்டம்தான் இருந்துச்சி. ஆபரேஷனுக்கு நாள் கூட குறிச்சிட்டாங்க. அந்த நோவுக்கு நம்பரு நூத்தி எழுவது. அது பொம்பளைங்க ரிஜிஸ்டர்லதான் இருக்குதுன்னு கிளார்க்கு அதுலயே பதிஞ்சி ரோஸ் சீட்டு குடுத்துட்டாரு. அண்ணன் வெக்கப்பட்டுக்கினு யாருக்கும் காட்டல. சீட்டு காணாம போன பின்னாடி நான் கூப்பிட்டும் வரல.”

அம்சவள்ளி எழுந்துபோய் அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினாள். இல்லாத ஒருத்திமேல் அத்தனை பொறாமை.

இப்போது ரோட்டில்... சரக்... சரக்... பின்னால் செருப்புச் சத்தம். வார் அறுந்த வலது செருப்பு இழுத்து இழுத்து வந்தது. அது யாருடைய நடை என்று அவளுக்கா தெரியாது? ஆஸ்பத்திரி மருந்து வாடை. கூடவே காகிதம் கருகுகிற வாடை.

“அம்சா... என் சீட்டைப் பாத்தியா?”

உயிரோடு இருந்தவரை அவன் கேட்காத கேள்வி.

அவள் திரும்பவில்லை. “பாக்கலீங்க” என்றாள். அப்போதும் பொய்.

செருப்பு நின்றுவிட்டது.

தாய்வீட்டில் ரவிக்கையை அவிழ்த்தபோது இடது பக்கம் சுட்டது. உள்ளே அந்த ரோஸ் சீட்டு... ஓரம் கருகி, சூடு ஆறாமல். எடுக்கப் போன விரலுக்கு, தோலுக்கு அடியில், மல்லாட்டைப் பருப்பு அளவில் ஏதோ தட்டுப்பட்டது.