பழைய லைனைப் பிடுங்கட்டுமா?

— பிடுங்கட்டுமா தம்பி?

— இருங்க அண்ணி... என்ன அவசரம்?

— காலையில இருந்து இந்த கேபிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கை மரத்துப் போச்சு.

— டீ சொல்லட்டுமா?

— இன்னொண்ணா? அண்ணியை இப்படித் தாங்குற கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான்!

— கிண்டலா?

— சேச்சே... உன்னையா? நெட்வொர்க்குக்கே மூளை வச்ச மகராசனையா?

— அது பேரு கன்ட்ரோலர்.

— அதான். எந்த லைன்ல நெரிசல், எது காலின்னு அதுவே பார்த்து, டேட்டாவை அதுவே திருப்பி விட்டுடும். ஒரு சொட்டு சிந்தாதுன்னு மீட்டிங்ல நீ பேசினப்போ, மேனேஜருக்குக் கண்ணே கலங்கிடுச்சே!

— அவருக்கு ஏசி ஒத்துக்காது.

— அந்த ஏசியிலதான் முடிவு பண்ணாரு. இனி உன் புது லைனே போதுமாம், இன்னைக்குப் பழைய லைனைப் பிடுங்கணும். நாளைக்கு, அதைப் பார்த்துக்கிட்டிருந்த என்னையும்...

— அண்ணி...

— உங்க அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. என்னன்னு சொல்றது? உங்க அருமைத் தம்பி என் வேலைக்கு உலை வச்சுட்டாருன்னா?

— நான் வேணும்னேவா பண்ணேன்?

— பின்னே, தூக்கத்துலயா பண்ணே? சரி, பிடுங்குறேன்...

— வேணாம்! பிடுங்கினா மொத்த ஆபீஸும் படுத்துடும்!

— ஐயய்யோ... ஏன்?

— டேட்டா முழுக்க... பழைய லைன்லதான் போகுது.

— அப்போ உன் புது லைன்?

— காத்து வாங்குது. கன்ட்ரோலரை எப்பக் கேட்டாலும் உங்க லைன்தான் நல்ல வழிங்குது.

— அட! மூளைன்னா இப்படில்ல இருக்கணும்!

— சிரிக்காதீங்க. பழைய லைனும் இருக்கணும், அதைப் பார்த்துக்கிற ஆளும் இருக்கணும்னு காலையிலேயே மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன். பதில் வரட்டும்னுதான் டீ மேல டீ...

— வந்துச்சா?

— இதோ, இப்பத்தான். 'சரி'ன்னுட்டாரு. புரிஞ்சாத்தானே மறுத்துப் பேச?

— இரு, இந்த கேபிளைக் கீழ வச்சுட்டு முகத்தைத் துடைச்சுக்கிறேன்.

— என்ன அண்ணி, அழறீங்களா?

— இல்ல... எனக்கும் ஏசி ஒத்துக்கல. தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?

— சொல்லுங்க.

— கன்ட்ரோலர் மேல தப்பில்ல. போன வாரம் நீ சாப்பிடப் போயிருந்தப்போ, உன் புரோகிராம்ல நான்தான் ஒரு வரி சேர்த்தேன். எப்பவும் பழைய லைனையே எடுன்னு...

— தெரியும் அண்ணி. அதுல ஒரு கமாவை விட்டுட்டீங்க, வரி ஓடவே இல்ல. நான்தான் போட்டு விட்டேன்.