எரிந்த ஊரின் மௌனம்

குதிரை வீட்டுக் கூரையின் மேல் ஏறி நிற்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு வந்த முதல் குறை. தாளும் பேனாவும் கொடுத்து, உள்ளதை உள்ளபடி எழுது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கணினி விளையாட்டு எதையும் நீங்கள் ஆடியதில்லை என்றும் சொன்னீர்கள். அதனால் குதிரையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆடுகிறவர்தான் வீரன். கையில் வாள், கீழே குதிரை, எதிரே எல்லையில்லாத ஒரு நாடு. எங்கே வேண்டுமானாலும் போகலாம். டிராகனைக் கொல்லலாம், கொல்ல மனம் வரவில்லையா, ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். இவ்வளவு பெரிய நாட்டைக் கட்டினால் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்குமா? குதிரை கூரையில் நிற்கிறது, வீட்டுக்குள் மழை பெய்கிறது, கடைக்காரன் நூறு தடவை போனாலும் அதே வாக்கியத்தைச் சொல்கிறான், பையில் பத்துக் கேடயம் வைத்தால் வீரன் நடக்க மாட்டேன் என்கிறான். ஆடுகிறவர்கள் இதையெல்லாம் எழுதி அனுப்புவார்கள். மாற்றித் தாருங்கள் என்று கேட்பார்கள்.

நான் ஒலிப்பதிவாளன். சின்ன நிறுவனம் என்பதால் இந்தக் கடிதங்கள் வந்து விழுகிற குறைப்பெட்டியைப் பார்க்கிற வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு குறையின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: செய்யலாம், பிறகு பார்க்கலாம், பிழை அல்ல. மூன்றாவது எதற்கென்றால், சிலர் குறை என்று நினைத்து எழுதுவது நாங்கள் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும். அலுவலகத்தில் எனக்குப் பெயரே பெட்டிக்காரர்தான். மற்றவர்கள் அந்தக் கடிதங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. யாரோ ஒருவர் நம் வேலையை இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு மனம் நெகிழும்.

எங்கள் விளையாட்டில் ஓர் ஊர் எரியும். வீரன் எவ்வளவு வேகமாகக் குதிரையை விரட்டினாலும் தாமதமாகத்தான் போய்ச் சேருவான். தாமரை என்கிற சிறுமி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு இறந்துபோவாள். வாசலில் நின்று அவள் அம்மா கதறுவாள். கதையே அங்கிருந்துதான் திரும்புகிறது. அந்தக் கதறலைத்தான் யாரும் நம்பவில்லை. குதிரைக்கு அறுபது கடிதம் வந்தது என்றால் இதற்கு நானூறுக்கு மேல். "அந்தம்மா பல் வலியில அழற மாதிரி இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதிவு செய்தவன் நான். கதறியவள் என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். குரல் கொடுப்பதுதான் அவள் தொழில். எங்கள் விளையாட்டில் சத்திரக்காரி அவள்தான், சூனியக்காரி அவள்தான், சந்தையில் சண்டை போடும் மூன்று பெண்களும் அவள்தான். ஸ்டுடியோவுக்குள் வரும்போதே வாய் ஓயாது. எல்லாரையும் வம்புக்கு இழுப்பாள். அவளுக்கு இதயத்தில் ஒரு கோளாறு இருந்தது. கைப்பையில் சின்ன டப்பாவில் மாத்திரை வைத்திருப்பாள். நெஞ்சு அடைத்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவாள். அந்த ஐந்து நிமிடம்தான் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது. அந்த டப்பா அசைந்தால் கலகலவென்று சத்தம் வரும். மைக் அதைப் பிடித்துவிடும். ஆகவே பதிவின்போது பை என் மேஜைமேல் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பல வருட ஏற்பாடு.

புதிய பதிப்புக்காக அந்தக் கதறலை மறுபடி பதிவு செய்ய ஒரு பகல் முழுதும் ஒதுக்கினேன். காலையிலிருந்து பதினொரு முறை எடுத்தோம். பதினொன்றும் பல் வலிதான்.

"என்னடா, இன்னுமா சரியா வரல?" என்றாள்.

"குழந்தை போயிடுச்சுக்கா. அது கேக்கல."

"என் பொண்ணு நல்லா இருக்கும்போது எனக்கு எங்கேருந்துடா அது வரும்?" என்று சொல்லிச் சிரித்தாள். "வா, சாப்பிட்டுட்டு வந்து பாத்துக்கலாம்."

சாப்பிடப் போனோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். அவளுடைய ஒரே பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். அன்றைக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா போயிருந்தாள், பஸ்ஸில்.

ஸ்டுடியோவின் அமைப்பை நேற்று நேரில் பார்த்தீர்கள். நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் மூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டும் என்றால் மேஜையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பட்டனை அழுத்தி, பஸ் பாலத்திலிருந்து விழுந்துவிட்டது என்று சொன்னேன். பள்ளியிலிருந்து போன் வந்தது, சிட்டு இல்லை என்றேன். பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

திட்டம் போட்டுச் செய்தாயா, அந்த நேரத்து வேகத்தில் செய்தாயா என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் வேகத்தில்தான் என்றேன். அது பொய். பதிவுக் கருவியின் குறிப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள், மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு மைக்கின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கியிருக்கிறேன். ஒருவர் திடீரென்று உரக்கக் கத்தினால் ஒலி கிழிந்துவிடும், பதிவு வீணாகிவிடும். கத்தப்போகிறாள் என்று முன்கூட்டியே தெரிந்தவன்தான் அளவை இறக்குவான்.

அந்தக் கதறலை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களிடம் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்து ஜன்னல் பக்கம் போய் நின்றீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதே சமயம், வந்துவிட்டது என்று ஒரு நிம்மதி.

ஒரே ஒரு சிக்கல். தாமரை என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அவள் சிட்டு என்று கூப்பிட்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு உட்கார்ந்து, விளையாட்டு முழுவதும் தாமரை என்று வந்த பதினேழு இடங்களைத் தேடி, எல்லாவற்றையும் சிட்டு என்று மாற்றினேன். அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் பதிவை நிறுத்தக் கூடாது. அறையின் வெறும் மௌனத்தையும் முப்பது வினாடி பிடித்து வைக்க வேண்டும். பதிவை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது தேவைப்படும். அந்த முப்பது வினாடிக்கு ஒலிப்பதிவாளன் கையைக் காலை அசைக்க மாட்டான், யாரோடும் பேச மாட்டான். இருபது வருடமாக ஊறிப்போன பழக்கம். உடனே பட்டனை அழுத்தி, பொய் சொன்னேன் அக்கா, மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். முப்பது வினாடி கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒன்பதாவது வினாடியில் அவள் கீழே விழுந்தாள்.

அத்தானிடம் போனில், நடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டாள் என்று சொன்னேன். மருத்துவமனையிலும் அதையே சொன்னேன். கோளாறு முன்பே இருந்ததால் யாரும் துருவிக் கேட்கவில்லை. சிட்டு அன்று சாயங்காலம் சுற்றுலாவிலிருந்து வந்து இறங்கினாள். அம்மாவுக்கு என்று ஒரு கைவிசிறி வாங்கி வந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து அவளை இறக்கிக் கூட்டி வந்தது நான்தான்.

புதிய பதிப்பு வெளிவந்தது. நானூறு குறை ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அழுதேன் என்று எழுதினார்கள். எரிந்து முடிந்த பிறகு அந்த ஊரில் நிலவும் மௌனத்தை வேறு இடங்களுக்கும் கொடுங்கள் என்று சிலர் கேட்டார்கள். அந்த மௌனமும் அன்றைய பதிவிலிருந்து எடுத்ததுதான். அதில் ஒரு மூச்சு இருக்கிறது. நன்றாகக் காது கொடுத்தால் கேட்கும். ஒரே ஒருவர் மட்டும், தாய் கதறி முடித்ததும் ஏதோ கீழே விழுகிற மாதிரி மெல்லிய சத்தம் வருகிறதே, கவனிக்கக் கூடாதா என்று எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் பிழை அல்ல என்று குறித்தேன்.

அத்தானுக்கு வெளியூர் வேலை. சிட்டு என் வீட்டில்தான் வளர்ந்தாள். சும்மா சொல்லக் கூடாது, பெற்ற பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டேன். அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, அம்மா வேலை செய்த விளையாட்டு என்று சொல்லி ஆடத் தொடங்கினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சத்திரக்காரியிடம் போய் நின்றுகொண்டு, அம்மா குரலைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். அப்படியே இருந்திருக்கலாம். ஒரு விடுமுறை நாளில் எரியும் ஊருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பக்கத்து அறையிலிருந்து அது கேட்டது. வேறு குதிரை வாங்கிப் பார்த்தாள். மலைமேல் குறுக்குவழி தேடினாள். முன்கூட்டியே போய் ஊர் வாசலில் காத்திருந்தாள். எப்படிப் போனாலும் வீடு எரியும், அக்கா சிட்டு என்று கதறுவாள். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பேன். காதைப் பொத்தினாலும் கேட்கும். இப்போது இந்த அறையிலும் கேட்கிறது. நீங்கள் மின்விசிறி என்கிறீர்கள்.

கடைசியில் அவள் குறைப்பெட்டிக்கு எழுதினாள். அதைப் படிப்பவன் நான் என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் கோப்பில் அந்தக் கடிதம் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். "முதல் பதிப்புல இந்தக் குழந்தை பேரு தாமரைன்னு ஒரு பழைய வீடியோல பாத்தேன். அப்புறம் ஏன் மாத்தினீங்க? அது எங்க அம்மா. அவங்க கூப்பிடறது என்னை. எங்க அம்மாவுக்கு இவ்வளவு நல்லா நடிக்கத் தெரியாது. காரணம் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க. யாராவது ஒருத்தராவது அந்த வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வழி வைங்க. அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலன்னு அந்தம்மாகிட்ட சொல்லணும்."

நியாயமான விருப்பம்தான். ஆனால் குழந்தையைக் காப்பாற்றிவிட்டால் தாய் கதற மாட்டாள். அவ்வளவு பேரை அழவைத்த இடம் இல்லாமல் போய்விடும். யோசித்துப் பார்த்துவிட்டு, பிழை அல்ல என்று குறித்தேன். பதில் கிடைத்த மறுநாளே அவள் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அந்த நாளின் மூலப் பதிவை என் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான் என்று அறிகிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்தப் பதிவில் கதறலுக்குப் பிறகு வரும் மௌனம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி இருக்கிறது, முப்பது வினாடி மௌனத்துக்கு இது ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டீர்கள். உண்மையில் அது மூன்று நிமிடத்துக்கும் மேல். மீதியை நான் வெட்டிவிட்டேன். நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த பிறகு அவள் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் நான் ஹெட்போன் போட்டிருந்தேன். "பையக் குடுடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "டேய், பை." பை என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு நாலு அடி தூரம். கதவைத் திறந்தால் வெளிச் சத்தம் உள்ளே போய்விடும், மூச்சு அவ்வளவு சுத்தமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் அக்காவை நான் உயிருக்கு உயிராக நேசித்தேன். அவள் குரல் அழியாமல் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் நான்தான். சிட்டுவும் ஒருநாள் இதைப் புரிந்துகொள்வாள். அந்த இரண்டு வாக்கியத்தையும்கூட யாரிடமும் மறைப்பதற்காக நான் வெட்டவில்லை. பதிவில் ஒரு குறையும் இல்லை, கதையில்தான் அதற்கு இடம் இருக்கவில்லை.