பஸ்ஸில் வந்த சின்னப்பர்

செயின்ட்-மிஷேல் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவவின் மடியில் தாடியும் வாளுமாக, நாங்கள் சின்னப்பர் என்று கும்பிடும் புனித பவுலைப் போல, ஓராளின் பழைய அச்சுப் படம்.

“சின்னப்பர் எண்டு நினைச்செல்லோ மெழுகுதிரி கொளுத்தினனான்,” என்றா அவ.

“மகள் யூனிவர்சிட்டியில கேட்டவளப்பா. அந்தக் காலத்து ஜேர்மன்காரன் ஒருத்தன் தகட்டில கீறி அச்சடிச்சது. ஆள் அரசன்ரை கோமாளியாம்.”

“அப்ப தங்கச்சிக்கு விசா கிடைக்கவேணுமெண்டு நான் கேட்டதெல்லாம் வீணே?”

“அரசனையே சிரிக்க வைச்சவர். விசாக்காரரைச் சிரிக்க வைக்கமாட்டாரே?”

அவ படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தா.

“அப்ப கோயிலில பழைய சாமான் விக்கிற சேலுக்குக் குடுக்கவேண்டாம். வீட்டை கொண்டுபோவம்.”

அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்கள். நானோ, அவர்கள் ஏறியபோதே படத்தைக் கண்டு சிலுவை போட்டு, என் முழங்கால் நோவையும் மனதுக்குள் சொல்லி முடித்திருந்தேன். நோ இன்னும் மாறவில்லை. சிரிப்புத்தான் வருகிறது.