நூற்றுக்கு இரண்டு பேர்

என் வாக்குமூலத்தை உங்கள் எழுத்தர் தட்டிக்கொண்டிருக்கும் கணினி ரொம்பப் பழசு, ஐயா. விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் ஐந்து வருடம் முணுமுணுக்காமல் உழைக்கும். பழைய கணினியைக் கண்டால் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. லினக்ஸின் சின்னம் பெங்குவின். அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

எங்கள் நிறுவனம் ஒரே ஒரு மென்பொருளை விற்கிறது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அதன் கம்பியைக் கணினியில் செருகிவிட்டால், மூச்சு குறையும்போது அலாரம் அடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் பச்சை வட்டம் தெரியும். முதலில் விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதினார்கள். லினக்ஸிலும் ஓடும்படி அதை மாற்றி எழுதியது நான். ஒற்றை ஆளாக ஒன்பது வருடம். புதுக் கணினி வாங்க வழியில்லாதவர்கள், பழையதில் லினக்ஸைப் போட்டு ஓட்டிக்கொண்டார்கள். நூற்றுக்கு இரண்டு பேர். தலையை எண்ணினால் இருநூற்றுப் பதினான்கு.

வாராவாரம் மேலாளர் வெள்ளைப் பலகையில் புகார்களை எழுதுவார். இடப்பக்கம் விண்டோஸ், வலப்பக்கம் லினக்ஸ். வருகிற புகாரில் பாதி என் பக்கம்தான். "ரெண்டு பேருக்காக நாம எதுக்கு மாரடிக்கணும், பெங்குவின்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். லினக்ஸ்காரர்களுக்குக் குறையைத் தோண்டி எடுத்து எழுதத் தெரியும், அதே குறை விண்டோஸிலும் இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், லினக்ஸைக் கைவிடுவதா என்று முடிவெடுக்க ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலை போனால் வேறு எவனும் என்னை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு லேத் மெக்கானிக். மனைவிக்காக எங்கள் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிறவர். ஐந்து பக்கம், கண்ணும் கருத்துமாக எழுதியிருந்தார். கணினியை அணைக்காமல் இருபத்து நான்கு நாள், இருபது மணி நேரம், முப்பத்தொரு நிமிடம் ஓட்டினால், அலாரம் செத்துவிடுகிறது. பச்சை வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

மென்பொருளின் நிரலைத் திறந்து பார்த்தேன். நேரத்தை எண்ணும் இடம் நிரம்பி வழிந்துவிடுகிறது. அதே வரிகள் விண்டோஸிலும் இருந்தன. விண்டோஸ் கணினி அப்டேட் வரும்போதெல்லாம் தானே அணைந்து எழுந்துகொள்வதால் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டே வரியில் திருத்தினேன், லினக்ஸில் மட்டும். விண்டோஸ் ஆட்களிடம் சொல்லியிருந்தால், தாங்களும் திருத்திக்கொண்டு, மறுநாளே என்னைக் கைகழுவியிருப்பார்கள். நான் எதையும் உடைக்கவில்லை என்பதை உங்கள் எழுத்தர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு செயல்விளக்கம். அலுவலகக் கணினியில் காட்டினால், "நீயே ஏதாவது பண்ணியிருப்ப" என்பார் மேலாளர். ஒரு வீட்டில், ஒரு நோயாளியின் விரலில் காட்டினால்தான் உறைக்கும். என் பக்கத்து மேசையில், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் ஒருத்தி. என்னை அண்ணா என்பாள். அவள் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அவளும் அவள் அம்மாவும் கட்டிலருகே மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள்.

"எத்தனை நாள்தான் அண்ணா இப்படியே உக்காந்திருக்கிறது? அம்மாவுக்கு இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

"நம்ம சாமானை நாமளே நம்பலன்னா எப்படிம்மா? நான் வந்து போட்டுத் தரேன். பச்சை தெரியுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, போதும்."

விடுமுறை நாளில் போய் அவர்கள் வீட்டு விண்டோஸ் கணினியில் போட்டுக் கொடுத்தேன். அப்டேட்டை நிறுத்திவைத்தேன். கணினியை அணைக்கவே வேண்டாம் என்றேன். காலை சரியாகப் பத்து மணிக்கு ஓடவிட்டேன். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எனக்கு மூத்த பிள்ளை மாதிரிப்பா" என்றார். நல்ல மனிதர்.

அன்றிலிருந்து இருபத்தைந்து நாள் கழித்து, காலை ஆறு முப்பத்தொன்றுக்கு அலாரம் செத்திருக்கும். கூட்டம் அன்று பத்து மணிக்கு. எல்லோர் முன்னாலும் அவளை வீட்டுக்குப் போன் போடச் சொல்லி, அவள் அம்மாவை அந்தக் கிளிப்பைக் கழற்றச் சொல்வது என் திட்டம். கழற்றினால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்காது. அப்புறம் கணினியை அணைத்துப் போடச் சொல்லியிருப்பேன். ஐந்து நிமிட வேலை.

ஆனால் மேலாளர் கூட்டத்தை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார். அதற்கு நான் பொறுப்பில்லை. பத்திலிருந்து பதினொன்றரை வரை அவள் என் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். "நேத்து ராத்திரி ரெண்டு பேரும் நல்லா தூங்கினோம், எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னால் உடனே அணைத்துப் போட்டுவிடுவாள். காட்ட என்னிடம் ஒன்றுமிருக்காது. இன்னும் சில மணி நேரம்தானே என்று விட்டுவிட்டேன். பதினொன்றரைக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பச்சை வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறார். இறங்கி வந்தபோது அவருக்கு மூச்சு நின்றிருந்தது.

பாதிப் பேர் அவளோடு போனார்கள். நான் மூன்று மணிக்குக் கூட்டத்துக்குப் போனேன். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று மேலாளர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில்தான் வந்தது என்று சொல்லி அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தேன். லினக்ஸ் ஆள் ஒருவர் எழுதாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. லினக்ஸ் தொடரட்டும் என்று முடிவாயிற்று. கடிதத்தின் தேதியை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தது நீங்கள்தான்.

அவள் அப்பாவுக்காக நான் வருந்துகிறேன், ஐயா. ஆனால் இருநூற்றுப் பதினான்கு பேரை நடுத்தெருவில் விட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்தத் திருத்தத்தை அவர்களுக்கு எப்போது அனுப்பினேன் என்றா கேட்கிறீர்கள்? கூட்டம் முடிந்த மறுநாள். அதற்கு முன்னால் அனுப்பியிருந்தால், என்ன மாற்றினேன் என்பது விண்டோஸ் ஆட்களின் கண்ணில் பட்டிருக்கும். ஆமாம், லினக்ஸ் கணினிகள் தாமாக அணைவதில்லை. மாதக்கணக்கில் ஓடும். அந்த மெக்கானிக்கின் கடிதம் வந்ததிலிருந்து நான் திருத்தத்தை அனுப்பும்வரை முப்பது நாள்; அதற்குள் அவர்களில் ஆறு பேரிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. அவர்களுக்கு இனி ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன், ஐயா.