மச்சானின் சட்டை இளைத்த விதம்

மதிப்பிற்குரிய நிர்வாக அலுவலர் அவர்களுக்கு,

பொத்தான் தைத்தால் நான்கு துளைகளிலும் நூல் இருமுறை ஓட வேண்டும், கடைசியில் இரட்டை முடிச்சு விழ வேண்டும் என்பது என் கட்சி. நம் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் தையல் மேசைக்கு வந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. நான் தைத்த பொத்தான் ஒன்றுகூடக் கழன்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் அகப்பட்டதற்கு அந்த முடிச்சே காரணம் என்பதால், அதை முதலில் தெரிவிப்பதுதான் மரியாதை என்று கருதினேன்.

நடந்ததை எழுத்தில் தருமாறு பணித்தீர்கள். விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஊழியர் சீருடை ஒவ்வொன்றின் கீழ்மடிப்பிலும் ஓர் ஆர்.எஃப்.ஐ.டி. சிப் தைக்கப்பட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பொத்தானைவிடச் சற்றே பெரியது. அதற்குள் பேட்டரி கிடையாது. துவைத்த சட்டை வாசிப்புக் கருவியைக் கடக்கும்போது, கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே துளி உயிர் பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். சுங்கச்சாவடிக்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் சீட்டும், நூலகப் புத்தக அட்டைக்குள் இருப்பதும், மாட்டின் காதில் தொங்குவதும் இதே குடும்பம்தான். எண் யாருடையது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். சட்டை தொங்கும் கொக்கி தானே நகர்ந்து வந்து, உரியவர் முன் அதை நிறுத்தும்.

சிப்புக்குத் தன் எண் தெரியும். தான் குடியிருக்கும் சட்டையின் அளவு தெரியாது. அந்த ஏற்பாடு முழுவதிலும் அளவு தெரிந்த ஒரே ஆள் அடியேன்தான்.

பண்டகக் காப்பாளர் என் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கித் தந்தவர். அந்த நன்றியை நான் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதுமில்லை. தினமும் மதியம் என் மேசைக்கு வந்து, என் சாப்பாட்டு டப்பாவைத் தாமே திறப்பார்.

“என்ன மாப்பிள்ளே, தங்கச்சி முட்டை வச்சிருக்காளா? ரெண்டு முட்டையா! உனக்கெதுக்குய்யா ரெண்டு? ஊதுனா பறக்குற உடம்பு. ஒண்ணு போதும்.”

ஒன்று என்பார், இரண்டும் போகும். பதினோரு ஆண்டுகள். அவருடைய உடல்நலம் குறித்து எனக்குக் கவலை ஏற்பட்டது.

எனவே ஒரு திங்கட்கிழமை, அவருடைய நாற்பத்திரண்டாம் அளவுச் சட்டையிலிருந்து சிப்பைப் பிரித்து, நாற்பதாம் அளவில் தைத்தேன். கழுத்துப் பட்டையில் ‘42’ என்ற துணிச்சீட்டையும் மாற்றித் தைத்தேன். கால்சட்டைக்கும் அவ்வாறே. கொக்கி வந்து அவர் முன் பணிவாக நின்றது.

அன்று மதியம் அவர் டப்பாவைத் திறக்கவில்லை. “கொஞ்சம் பெருத்துட்டேன் போல மாப்பிள்ளே” என்றார். இரண்டு முட்டையையும் நானே சாப்பிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். நானும் நினைத்தேன். ஆனால் அவர் பட்டினி கிடந்து, மாடிப்படி ஏறி இறங்கி, மெய்யாகவே இளைக்கத் தொடங்கினார். சட்டை தளர்ந்துவிட்டால் டப்பாவுக்குத் திரும்பிவிடுவார். ஆகவே சட்டையும் இளைக்க வேண்டியதாயிற்று.

முப்பத்தெட்டு. முப்பத்தாறு. வீட்டில் அவர் அணிவது நாடா வைத்த கால்சட்டையும் தொளதொள பனியனும். உடம்பின் அளவு பற்றி அவற்றுக்குக் கருத்து கிடையாது. எடை பார்க்கும் இயந்திரம்தான் குறுக்கே வந்தது. பதினெட்டுக் கிலோ குறைந்திருப்பதாக அது சொல்ல, பொத்தான் போட முடியவில்லை என்று சட்டை சொல்ல, மச்சான் சட்டையை நம்பினார். மருத்துவர்கள் இரண்டையும் நம்பினார்கள். எடை குறையக் குறைய உடம்பு பெருக்கும் நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், உடனே படுக்கையில் சேர்த்தார்கள். மாணவர்கள் கூட்டமாக வந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

நோயாளிகளின் அங்கியும் நம் பிரிவிலிருந்தே போகிறது. உறவினர் என்ற முறையில் அவருடையதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தைகள் பிரிவில், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது.

அதை மார்பு வரை இழுத்துப் பார்த்துவிட்டு மச்சான் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே நாள்ல இவ்வளவு வீங்கிட்டேனே மாப்பிள்ளே. நான் தேற மாட்டேன். என் தங்கச்சியப் பார்த்துக்கோ. உன் சோத்தத் தின்ன பாவந்தான்யா இது.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க மச்சான்” என்றேன். அந்தக் கணமே அவரை மனதார மன்னித்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மறுநாள் என் மனைவி, அண்ணன் குளிருக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று எங்கள் திருமணத்தில் அவர் அணிந்த கோட்டை எடுத்து வந்தாள். போட்டுப் பார்த்தபோது, கோட்டுக்குள் மச்சானைத் தேட வேண்டியிருந்தது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள், நாற்காலியில் கிடந்த சீருடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சீருடையின் கீழ்மடிப்பைத் திருப்பினாள்.

“ஏங்க, இது உங்க முடிச்சுதானே?”

“எல்லாச் சட்டையிலயும் என் முடிச்சுதான்மா.”

“அப்போ இந்தச் சின்னச் சட்டையில நாப்பத்திரண்டுன்னு சீட்டு தச்சதும் நீங்கதானே? எங்கண்ணன் உயில் எழுத ஆள் தேடிட்டு இருக்காருங்க. நீங்க முட்டை தின்னுட்டு இருந்தீங்களா?”

ஆம் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இப்போது அவள் தினமும் இரண்டு டப்பா கட்டுகிறாள். இரண்டும் அண்ணனுக்கு. நான் உணவுக்கூடத்து ரொட்டியில் காலம் தள்ளுகிறேன். அதைத் தண்டனையாக ஏற்று, என்னைப் பணிநீக்கம் செய்யாமலிருக்குமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன். எவர்மீதும் எனக்குப் பகை இல்லை. எவர் சட்டையிலும் இனி கைவைக்க மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.

மற்றொன்று. மூன்று வார விசாரணையில் தாங்கள் என்னிடம் சற்றுக் கடுமையாகவே பேசினீர்கள். அது தங்கள் கடமை. ஆனால் நேற்றுத் தங்கள் வெள்ளைக் கோட்டின் நடுப் பொத்தானைப் போட முடியாமல் தாங்கள் சிரமப்பட்டதைக் கண்டு மனம் வருந்தினேன். வேறு காரணம் எதையும் தேட வேண்டாம் ஐயா. சாப்பாட்டைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.